புதுப் பெட்டி, பழைய பெட்டி, கோயில் மேடை: கிற்றார் மொடலர் மாற்றுவது பற்றி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டது இது. ஐந்து வருடமாக சூம் ஜி1எக்ஸ் ஃபோர் என்ற மொடலர் (அம்ப், ஸ்பீக்கர், எஃபெக்ற் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் போலச் செய்கிற கால்பெட்டி) வைத்துத் திருவிழா மேடைகளில் கிற்றார் வாசிக்கிறார். விடுமுறைக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டொம்ப் என்ற இன்னொரு மொடலரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று கிழமையில் ஒரு கோயில் நிகழ்ச்சி. "இரண்டையும் மேடையில் வைத்து ஏ/பி பெட்டியால் மாற்றி மாற்றி வாசிக்கலாமா? புதியதில் ஒரு பிரீசெட்டில் (சேமித்துவைத்த டோன் அமைப்பில்) இருந்து மற்றதற்குப் போகும்போது சத்தம் ஒரு கணம் அறுகிறது, அது பழுதா? வீட்டில் அருமையாகக் கேட்பது பயிற்சியில் ஏன் செத்துப்போகிறது?" என்று மூன்று கேள்விகள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கவேண்டாம். சத்தம் அறுவது பழுதல்ல. மூன்று கிழமையில் புதுப் பெட்டியோடு மேடை ஏறலாம், ஆனால் அதற்குள் ஒரேயொரு பிரீசெட்தான் இருக்கவேண்டும். பழையது பக்கத்தில் வயரும் பற்றரியும் போட்டபடி சும்மா இருக்கட்டும். இனி விளக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அடப்டர். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். இப்போது வருகிற இலேசான அடப்டர்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ற் வரை எதையும் தாங்கும். லேபிளில் அப்படியே எழுதியிருக்கும். கையில் எடுத்தால் கல்லுப்போலக் கனக்கிற, உள்ளே செப்புக்கம்பி சுற்றிய பழைய வகை அப்படியல்ல. எந்த நாட்டுக்குச் செய்தார்களோ அந்த நாட்டுக்கு மட்டும்தான். என்னுடைய முதல் மல்ரி எஃபெக்ற் பெட்டியின் அடப்டர் அப்படிப்பட்டது, மாமா கனடாவில் இருந்து கொண்டுவந்தது. தட்டை முள் பிளக்கை உருண்டை முள் கொன்வேற்றரில் செருகி, அதைச் சுவரில் செருகினேன். கொன்வேற்றர் முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது என்பது பத்தொன்பது வயதில் எனக்குத் தெரியாது. "உம்ம்" என்று ஒரு முனகல், பிறகு எரிந்த வார்னிஷ் மணம். குசினியில் இருந்து அம்மா, "என்னடா அங்க கருகுது?" என்று கேட்டார். பெட்டி பிழைத்தது. அடப்டருக்குப் பதில் தேடி இரண்டு மாதம் அலைந்தேன்.

எச்எக்ஸ் ஸ்டொம்புக்கு 9 வோல்ற்றில் 3 அம்பியர் கொடுக்கும் அடப்டர் வருகிறது. சூமுக்குரியது 9 வோல்ற்றில் 500 மில்லி அம்பியர்தான். இரண்டிலும் "9" என்று இருக்கிறதே என்று ஒன்றை மற்றதற்குக் கொடுத்துப் பார்க்கவேண்டாம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிற ரேப் சுற்றிவையுங்கள். மேடையில் இருட்டில் செருகப்போவது நீங்களாக இல்லாமல் உங்களுக்கு உதவ வந்த யாராவது ஒரு பெடியனாகவும் இருக்கலாம்.

சரி, சத்தம் அறுவதற்கு வருவோம். ஒரு பிரீசெட் என்பது ஒரு முழுச் சமையல். அம்ப் ஒரு சட்டி, ஸ்பீக்கர் பெட்டி ஒரு சட்டி, எதிரொலி தருகிற டிலே, அறை முழக்கம் தருகிற ரிவேர்ப் என்று தனித்தனிச் சட்டிகள். எல்லாம் ஏறியிருக்கும் அடுப்பு, உள்ளே சத்தத்தைக் கணக்குப் போடுகிற டிஎஸ்பி சிப். அடுத்த பிரீசெட்டுக்குக் காலால் அமுக்கியவுடன் இருந்த சட்டிகளை எல்லாம் இறக்கி, புதியவற்றை ஏற்றவேண்டும். அந்த இறக்கி ஏற்றும் நேரம்தான் நீங்கள் கேட்கிற வெறுமை. பெட்டிக்குப் பெட்டி நீளம் வேறுபடும். இதைத் தவிர்க்க ஒரு வழி, அடுப்பில் பாதியை எப்போதும் அடுத்த பிரீசெட்டுக்காகக் காலியாக விட்டுவைப்பது. அப்படிச் செய்தால் ஒரு பிரீசெட்டுக்குள் போடக்கூடியதும் பாதியாகிவிடும். சின்னப் பெட்டியில் அது கட்டாது.

அதனால்தான் ஸ்னப்ஷொட் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஃப்ராக்டல், குவாட் கோர்டெக்ஸ் என்ற மற்றக் கம்பனிப் பெட்டிகளில் அதற்குப் பெயர் சீன். பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: சட்டிகள் எல்லாம் அடுப்பிலேயே இருக்கும், நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் மூடியைத் திறப்பதும் மூடுவதும் மட்டும்தான் நடக்கும். எதையும் புதிதாக ஏற்றவேண்டியதில்லை என்பதால் சத்தம் அறாது. டிலேயில் ட்ரெய்ல்ஸ் என்ற அமைப்பு திறந்திருந்தால், முன்னைய டோனின் டிலே வால்கூட அடுத்த டோனுக்குள் இயல்பாகத் தேய்ந்து போகும். லைன் 6 இன் பெரிய பெட்டியான ஹீலிக்ஸில் ஒரு பிரீசெட்டுக்கு 8 ஸ்னப்ஷொட் உண்டு. உங்கள் ஸ்டொம்பில் அதைவிடக் குறைவு, ஆனால் காலடியில் இருக்கிற சுவிட்சே மூன்றுதான். மூன்று சுவிட்சுக்கு மூன்று ஸ்னப்ஷொட். கோயில் மேடைக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு வரம்பு உண்டு. ஒரு சட்டியை ஸ்னப்ஷொட்டால் வேறு சட்டியாக மாற்றமுடியாது. ஃபென்டர் மாதிரி அம்பில் தொடங்கி மார்ஷல் மாதிரி அம்புக்குத் தாவவேண்டும் என்றால் இரண்டையும் முதலிலேயே ஏற்றிவைத்து, ஒன்றை மூடி மற்றதைத் திறக்கவேண்டும். அம்ப் மொடல்தான் சிப்பில் அதிக இடம் பிடிக்கிற சாமான்களில் ஒன்று. ஆகவே நான் சொல்வது: ஒரு அம்ப் போதும்.

நான் ஒரு ஸ்டொம்பில் செய்து கொடுத்த பிரீசெட் ஒன்றை அப்படியே சொல்கிறேன். 3.0 மென்பொருள் வந்ததில் இருந்து அந்தப் பெட்டியில் எட்டு புளொக் (அதாவது எட்டுச் சட்டி) போடலாம், அதற்கு முன்னர் ஆறுதான். எட்டும் இப்படி: கொம்பிரஸர் (சத்தத்தைச் சமப்படுத்துவது), ஸ்க்ரீம் 808 ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது), ஃபென்டர் டீலக்ஸ் ரிவேர்பைப் பார்த்துச் செய்த அம்ப், ஸ்பீக்கர் பெட்டி, ஈக்யூ (தொனிகளைக் கூட்டிக் குறைப்பது), கோரஸ் (சத்தத்தை அகலமாக்குவது), டிலே, ரிவேர்ப். முதலாவது ஸ்னப்ஷொட் பக்திப் பாடல்களுக்கு: கொம்பிரஸரும் மெல்லிய கோரஸும் திறந்திருக்கும், அம்பின் டிரைவ் (கரகரப்பைக் கூட்டுகிற குமிழ்) கீழே. இரண்டாவது, எண்பதுகளின் சினிமாப் பாடல்களில் இடையிசையில் வருகிற ஒற்றை நரம்பு வரிகளுக்கு: கோரஸ் மூடி, டிலே திறந்து, அம்ப் ஒரு சொட்டு சூடாக. மூன்றாவது குத்துப் பாட்டுக்கும் லீட்டுக்கும்: ஓவர்டிரைவ் திறந்து, கொம்பிரஸர் மூடி, டிலே பாதியாக, ரிவேர்ப் கால்வாசியாக. கடைசியில் அம்பின் சனல் வொலியூம் முதலாவதைவிட 3 டெசிபல் மேலே.

அந்த 3 டெசிபலைக் கவனியுங்கள். லீட் எழும்பவேண்டும் என்று பெரும்பாலானோர் டிரைவைத்தான் கூட்டுவார்கள். டிரைவ் கூடினால் சத்தம் தட்டையாகும், அடியின் முனை மழுங்கும், மேடையில் பின்னால் போய்விடும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பெரிதாகக் கேட்டது, ஒக்ரபாட்டும் கீபோட்டும் சேர்ந்தவுடன் காணாமல் போவது இதனால்தான். எழுப்பவேண்டியது வொலியூமை. டிரைவை வீட்டில் பிடித்த அளவில் இருந்து கால்வாசி குறைத்துக்கொண்டு மேடைக்குப் போங்கள்.

குளோபல் அமைப்பில் ஸ்னப்ஷொட் எடிற்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை டிஸ்கார்டில் வையுங்கள். பாட்டு நடுவில் கால் தவறியோ அவசரத்திலோ எதையாவது திருகிவிட்டால், அந்த ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பி வரும்போது நீங்கள் சேமித்த நிலை அப்படியே வந்து நிற்கும். ரீகோலில் வைத்தால் உங்கள் பிழையும் சேர்ந்து திரும்பி வரும்.

இன்னொரு தலையிடி சுருதி. பாடகிக்குத் தொண்டை கட்டியிருக்கும், மேடைக்கு வந்து "அரைக்கட்டை இறக்குங்கோ அண்ணை" என்பார். கீபோட்காரர் ஒரு பட்டனை அமுக்கிவிட்டுச் சிரிப்பார். ஸ்டொம்பில் பொலி கப்போ என்று ஒரு புளொக் இருக்கிறது, ஒரு கோட் (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) முழுவதையும் ஏற்றி இறக்கும். ஆனால் அது சிப்பில் பெரும் இடம் பிடிக்கும், மேலே சொன்ன எட்டில் சிலவற்றை இறக்கினால்தான் ஏறும். கையில் படுவதற்கும் காதில் விழுவதற்கும் இடையில் சிறு தாமதமும் கூடும். வேகமான தாள அடியில் அது கைக்குத் தெரியும். நான் பாட்டின் கோட்ஸையே மாற்றி வாசிக்கிறேன், பழகிவிட்டது. பழகாதவர்கள் அரைக்கட்டை இறக்கிய இரண்டாவது கிற்றாரை ஸ்ராண்டில் வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

இனி இரண்டு பெட்டி. ஏ/பி/வை என்று விற்கிற பெட்டி கிற்றாரை ஏ பக்கமோ பி பக்கமோ இரண்டுக்குமோ அனுப்பும். அந்த "இரண்டுக்கும்" என்பதில்தான் வில்லங்கம். ஒவ்வொரு மொடலரும் கிற்றார் சத்தத்தை எண்ணாக்கி, கணக்குப் போட்டு, திரும்பச் சத்தமாக்கச் சில மில்லி செக்கன் எடுக்கும். இரண்டு பெட்டியும் ஒரே அளவு எடுக்காது. வித்தியாசம் ஒரேயொரு மில்லி செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சத்தமும் மிக்சரில் சேரும்போது 500 ஹேர்ட்ஸில் ஒன்றை ஒன்று வெட்டும், பிறகு 1500 இல், 2500 இல் என்று சீப்பின் பல் மாதிரி வெட்டிக்கொண்டே போகும். கிற்றாரின் உடம்பே அந்த இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு பெட்டி சேர்ந்தால் இரண்டு மடங்கு தடிப்பாக வரும் என்று நினைத்தால், தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்கும். அது உங்கள் பெட்டிகளின் குற்றமல்ல, வெறும் கூட்டல் கழித்தல்.

அதோடு இரண்டு அடப்டர், இரண்டு வயர், மிக்சரில் இரண்டு சனல் என்றால் தரை இணைப்பு வளையமாகி 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வர நல்ல வாய்ப்பு. ட்ரான்ஸ்போமர் உள்ள டிஐ பெட்டியில் (கிற்றார் சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ற் சுவிட்ச் போட்டால் பெரும்பாலும் போய்விடும். அடப்டரின் மூன்றாவது முள்ளை வெட்டி இரைச்சலை நிறுத்துகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். மழை பெய்த கோயில் வீதியில், இரும்புச் சட்ட மேடையில், நரம்பில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவர் அதைச் செய்யக்கூடாது.

இரண்டு மொடலரை மிடி வயரால் இணைத்து ஒரே அமுக்கில் இரண்டையும் மாற்றுகிறவர்கள் உண்டு. 1983 இல் வந்த ஏற்பாடு, இன்றைக்கும் உழைக்கிறது. ஒரு பெட்டி "புரோகிராம் 12" என்று செய்தி அனுப்ப, மற்றது 12 ஆவது பிரீசெட்டுக்குப் போகும். செய்திக்குள் எண்ணிக்கை 0 இல் இருந்து 127 வரை. சில பெட்டிகள் அதையே 1 இல் இருந்து 128 என்று காட்டும். அதனால் நீங்கள் 12 ஐ அமுக்க மற்றது 13 இல் போய் நிற்கும். முதல் நாள் எல்லோருக்கும் இப்படி நடக்கும், பெட்டியைத் தூக்கி எறியவேண்டாம். ஆனால் உங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை: ஜி1எக்ஸ் ஃபோரில் மிடி வாயே கிடையாது. மேடையில் இரண்டையும் தனித்தனியாகக் காலால் அமுக்கவேண்டும், நடுவில் ஏ/பி பெட்டியையும் அமுக்கவேண்டும். ஒரு இடையிசைக்குள் மூன்று அமுக்கு! கிற்றார் வாசிக்கிறீர்களா, காவடி ஆடுகிறீர்களா?

சரி, சூமை விற்றுவிடலாமா? கூடாது. அந்தப் பெட்டிக்கு ஸ்டொம்பில் இல்லாத ஒரு குணம் இருக்கிறது. நான்கு பென் டோர்ச் பற்றரியில் ஓடும்.

ஏன் அதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், வடமராட்சியில் ஒரு கோயில் மேடை. மின்சாரம் நின்றது, ஜெனரேற்றர் எடுத்தது, எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து மின்சாரம் திரும்பி வந்தபோது, பாட்டு நடுவில் யாரோ ஜெனரேற்றரில் இருந்து லைனுக்கு மாற்றினார்கள். மேடை விளக்கு கண் சிமிட்டிய நேரம்தான். பாடகரின் மைக் நிற்கவில்லை, மிக்சருக்கு யூபிஎஸ் இருந்தது. என்னுடைய பெட்டி மட்டும் அணைந்து, திரும்ப எழும்பி, கம்பனிப் பெயரை ஆறுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. இடையிசை என்னுடையது. எட்டு மாத்திரை வெறுமையாகப் போனது. பிறகு கீபோட்காரர் என் வரியைப் புல்லாங்குழல் டோனில் எடுத்து வாசித்தார். சனம் கவனிக்கவில்லை. நான் கால் சுவிட்சை அமுக்கிக்கொண்டே நின்றது முன்வரிசையில் இருந்த சின்னப் பெடியளுக்கு மட்டும் தெரிந்தது.

போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. மின்சாரத்தை நம்பி மேடை ஏறக்கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கத் தேவையில்லை, ஆனாலும் மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு கம்பியூட்டருக்குப் பாவிக்கிற சின்ன யூபிஎஸ் ஒன்றை மேடைக்குக் கொண்டுபோகிறேன். ஸ்டொம்பின் அடப்டர் முழுப் பாரத்திலும் கொடுப்பது 27 வோட்தான், அதற்கு மலிவான யூபிஎஸ் தாராளம். சில யூபிஎஸ் பற்றரிக்கு மாறியவுடன் கிற்றாருக்குள் ஒரு கிர்ர் சத்தத்தை விடும். வீட்டில் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆகவே மேடையில் ஒழுங்கு இப்படி: கிற்றாரில் இருந்து ஏ/பி பெட்டி ("இரண்டும்" சுவிட்ச் இல்லாத வகை நல்லது). ஏ பக்கம் ஸ்டொம்ப், அங்கிருந்து டிஐ பெட்டி, மிக்சரில் ஒரு சனல். பி பக்கம் பற்றரியில் ஓடுகிற சூம், அங்கிருந்து இன்னொரு டிஐ, அடுத்த சனல். சூமில் ஒரேயொரு சுத்தமான டோன், அவ்வளவுதான். ஸ்டொம்ப் விழுந்தால் ஒரு அமுக்கு, அந்த இரவு முழுக்க அதில்தான். இடையில் திரும்ப மாறவேண்டாம். சவுண்ட்ஸ்காரர் இரண்டாவது சனல் தர மறுத்தால், டிஐயில் இருந்து வயரைக் கழற்றி சூமில் செருகப் பழகுங்கள். நான் நேரம் எடுத்துப் பார்த்தேன், பன்னிரண்டு செக்கன். சனலை மியூற் பண்ணாமல் கழற்றினால் வருகிற "டப்" சத்தத்துக்குச் சவுண்ட்ஸ்காரர் உங்களை ஒருகாலமும் மன்னிக்கமாட்டார்.

பழைய டோனைப் புதியதற்குக் கொண்டுபோவது பற்றிக் கொஞ்சம். சூமில் உள்ள பிரீசெட்டை ஸ்டொம்பில் ஏற்றமுடியாது. இரண்டிலும் ஒரே அம்பைப் பார்த்துச் செய்த மொடல் இருக்கலாம், ஆனால் குமிழ்களை ஒரே எண்ணில் வைத்தால் ஒரே சத்தம் வரும் என்று எதிர்பார்க்கவேண்டாம். எண்ணைப் பார்க்காமல் காதால் செய்யவேண்டும். அதற்கு ஒரு வசதி லூப்பர். ஸ்டொம்பில் லூப்பரைச் சங்கிலியின் முதல் புளொக்காக, கொம்பிரஸருக்கும் முன்னால் வையுங்கள் (அந்த நேரத்துக்கு ரிவேர்பை இறக்கிவிட்டால் இடம் வரும்). நீங்கள் வழக்கமாக வாசிக்கிற நாலு வரியைப் பதிந்து சுழலவிடுங்கள். பதிவானது எந்த எஃபெக்ற்றும் ஏறாத வெறும் கிற்றார். அது சுழல, நீங்கள் இரண்டு கையாலும் அம்பையும் ஈக்யூவையும் திருகிக்கொண்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றும் கேட்கலாம். கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் திருகி, ஒரு கோட் அடித்து, திரும்பத் திருகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கே இருந்து திருகுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். வீட்டில் நன்றாக இருந்தது வெளியில் செத்துப்போவதன் இன்னொரு காரணம் 1933 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து வெளியிட்ட விஷயம். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் சரியாகப் பிடிக்காது. அறைக்குள், தங்கச்சி படிக்கிறாள் என்று வொலியூமை அடக்கி வைத்து டோன் செய்தால், காணாததை நிரப்ப பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடுவீர்கள். மேடையில் வொலியூம் ஏறியவுடன் காது எல்லாவற்றையும் பிடிக்கத் தொடங்கும். அடி குமுறும், உச்சம் காதைக் கிழிக்கும், சவுண்ட்ஸ்காரர் இரண்டையும் வெட்டுவார், மிச்சமாக ஒன்றும் இருக்காது. டோனை மேடைச் சத்தத்தில் செய்யவேண்டும். பயிற்சி நடக்கிற இடத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போங்கள், உங்களுக்கு வேறு வழியில்லை.

ஸ்பீக்கர் பெட்டி புளொக்கில் லோ கட் (கீழ்த்தொனி வெட்டு) 100 ஹேர்ட்ஸ் அளவிலும் ஹை கட் (மேல்தொனி வெட்டு) 6000, 7000 அளவிலும் இருக்கட்டும். கிற்றாரின் ஆகக் கீழான நரம்பு 82 ஹேர்ட்ஸ்தான். அதற்குக் கீழே உங்களுடையது ஒன்றும் இல்லை, வெறும் குமுறல். 82 க்கும் 100 க்கும் இடையில் கொஞ்சம் போனால் பேஸ் கிற்றார்காரர் நன்றி சொல்வார். மேலே, உண்மையான 12 அங்குலக் கிற்றார் ஸ்பீக்கர் 5000 ஹேர்ட்ஸைத் தாண்டியவுடன் கெதியாகச் சரிந்துவிடும். கோயில் மேடைப் பெட்டியில் இருக்கிற ட்வீட்டர் சரியாது, எல்லாவற்றையும் துப்பும்.

கோயிலுக்கே உரிய இன்னொன்று கூம்பு. மேடைக்கு முன்னால் பெரிய பெட்டிகள் நிற்கும், ஆனால் வீதி நீளத்துக்கும் கம்பங்களில் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். கடலை வாங்கிக்கொண்டு தேர்முட்டியடியில் நிற்கிற சனம் உங்கள் கிற்றாரைக் கேட்பது அதில்தான். கூம்பில் அடித்தொனி இல்லை, நடுத்தொனி மட்டும். சுத்தமான டோன் அதில் ஓரளவுக்குப் பிழைக்கும். டிஸ்டோர்ஷன் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி வரும். டிரைவைக் குறையுங்கள் என்று சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். கூம்பு, பெட்டி எல்லாமே பெரும்பாலும் மோனோ. இடம் வலம் என்று பாய்கிற ஸ்டீரியோ டிலேயில் பாதி காணாமல் போகும், ஸ்டீரியோ கோரஸ் மெலியும். ஸ்டொம்பில் இடது வாயில் மட்டும் வயரைச் செருகி, வீட்டிலும் அப்படியே மோனோவில் கேட்டு டோன் செய்யுங்கள்.

சவுண்ட்ஸ்காரரிடம் சோதனை நேரத்தில் மூன்று ஸ்னப்ஷொட்டையும் ஒவ்வொரு நிமிடம் வாசித்துக் காட்டுங்கள், சத்தம் கூடியதை முதலில். முதலாவதை மட்டும் காட்டி அளவு வைத்தால், லீட் வரும்போது அவர் பயந்துபோய் உங்கள் சனலை இறக்குவார். பிறகு நிகழ்ச்சி முடியும்வரை ஏற்றமாட்டார். அவருக்கு நாதஸ்வரக்காரர், தவில்காரர், அறிவிப்பாளர், இடைக்கிடை மைக்கைப் பிடித்து "கறுப்பு நிற மோட்டார் சைக்கிளின் உரிமையாளர்" என்று அழைக்கிற நிர்வாகசபை என்று ஆயிரம் கவலை.

மொனிற்றரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். முன்னால் பாடகருக்கு வைத்த பெட்டி மூன்று மீற்றர் தள்ளி இருந்தால், அங்கிருந்து சத்தம் உங்கள் காதுக்கு வரவே கிட்டத்தட்ட 9 மில்லி செக்கன் ஆகும். "மொடலரில் தாமதம் இருக்கிறது" என்று குறைசொல்கிற பலர் உண்மையில் கேட்பது இந்தத் தூரத்தைத்தான். பெட்டியைக் கிட்ட இழுத்து வையுங்கள், அல்லது ஸ்டொம்பின் ஹெட்ஃபோன் வாயில் ஒற்றைக் காதுக்கு வயர் எடுங்கள்.

இந்த மூன்று கிழமைக்குள் மென்பொருளைப் புதுப்பிக்கவேண்டாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால், முழுச் சார்ஜ் உள்ள லப்ரொப்பிலும் யூபிஎஸ்ஸிலும் வைத்துச் செய்யுங்கள், நடுவில் மின்சாரம் போனால் பெட்டி செங்கலாகிவிடலாம். செய்து முடிந்ததும் பிரீசெட்டை ஒருமுறை திறந்து வாசித்துப் பாருங்கள். செய்த பிரீசெட்டை எச்எக்ஸ் எடிற் என்ற லைன் 6 மென்பொருளில் இருந்து கம்பியூட்டருக்கு எடுத்து, வாட்ஸ்அப்பில் மச்சானுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். ரொறன்ரோவில் ஒரு பிரதி இருப்பது நல்லதுதானே.

இதைவிடப் பெரிய பெட்டி வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2021 இல் வந்த குவாட் கோர்டெக்ஸ், ஃப்ராக்டலின் எஃப்எம்9, அதற்கும் பத்து வருடம் முந்திய கெம்பர் எல்லாம் நல்ல சாமான்கள்தான். உண்மையான அம்பைப் பதிவு செய்து வைத்திருப்பவருக்கு, இரவுக்கு முப்பது வகை டோன் வேண்டியவருக்கு அவை பிரயோசனம். மூன்று டோனில் திருவிழா முடிகிற ஆளுக்கு அந்தக் காசில் நல்ல டிஐ இரண்டும், யூபிஎஸ்ஸும், புது நரம்பும், இரண்டாவது கிற்றாரும் வாங்கி மிச்சமும் வரும்.

முதல் கிழமை அந்த ஒரு பிரீசெட்டைச் செய்யுங்கள். இரண்டாவது கிழமை பயிற்சிக்கு இரண்டு பெட்டியையும் கொண்டுவந்து, பாட்டு நடுவில் யாரையாவது ஸ்டொம்பின் பிளக்கைச் சொல்லாமல் இழுக்கச் சொல்லுங்கள். கை நடுங்காமல் சூமுக்கு மாறி அடுத்த வரியைப் பிடித்தீர்கள் என்றால் கோயிலுக்குப் போகலாம். பிடிக்கமுடியவில்லை என்றால் இந்தத் திருவிழாவுக்குச் சூமோடு போங்கள், அடுத்ததற்குப் பார்க்கலாம்.

அதற்கு முன்னர் அடப்டரின் லேபிளைப் படமெடுத்து அனுப்புங்கள். "இன்புட்" என்று எழுதிய வரி வடிவாகத் தெரியவேண்டும். நான் பார்த்துச் சொல்லும்வரை சுவரில் செருகவேண்டாம்.